கீழே நின்று தட்டுகிறவள்

கோல்கொண்டாக் கோட்டையில் எந்த வழிகாட்டியும் ஒண்டியாளாகத் தொழில் செய்ய முடியாது. காரணம், கைதட்டல்.

கோட்டைக்குள் நுழைந்ததும் வாசலை ஒட்டி ஒரு மண்டபம் வரும். மேலே குவிந்த கூரை. கூரையின் உட்புறம் முழுக்கப் பட்டை தீட்டிய வைரம்போல் சின்னச் சின்ன மடிப்புகள். அதற்கு நேர் கீழே, நட்டநடுவில் நின்று கையைத் தட்டினால், சத்தம் கண்டபடி சிதறாமல் அந்த மடிப்புகளில் பட்டு, ஒன்றாகத் திரண்டு, திறந்த பக்கமாக வெளியேறி, மலை உச்சியில் இருக்கும் ராஜ மண்டபத்தில் போய் விழும். இடையில் இடிந்த சுவர்களும், நாலு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறவேண்டிய படிகளும் கிடக்கின்றன. கைதட்டல் அவ்வளவையும் நீங்கள் நாலு எட்டு வைப்பதற்குள் தாண்டிவிடும். மண்டபத்தின் நடுவைவிட்டு ஓரமாகப் போய்த் தட்டிப் பாருங்கள், மேலே ஒன்றும் கேட்காது. எதிரி வந்தால் ராஜாவுக்குச் சேதி சொல்ல அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, சத்தம் நிஜம்.

சரி, வழிகாட்டி தன் கூட்டத்தை உச்சிக்கு அழைத்துப் போய்விட்டால் கீழே தட்டுவது யார்?

அதற்குத்தான் வரிசை. வழிகாட்டிகள் வாசலருகே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முதல் ஆள் ஒரு கூட்டத்தோடு மேலே போனால், அடுத்த ஆள் அவருக்காகத் தட்ட வேண்டும். அதற்குள் அடுத்த ஆளுக்கும் கூட்டம் கிடைத்துவிட்டால், பொறுப்பு அவருக்கு அடுத்தவருக்குப் போகும். மேலே போனவர் கைப்பிடிச் சுவரோரம் நின்று ஒரு துணியை வீசுவார். ஆளுக்கொரு நிறம். கீழே இருப்பவர் மண்டபத்துக்கு வெளியே வந்து அண்ணாந்து பார்த்து, நிறம் தெரிந்ததும் உள்ளே போய்த் தட்டுவார். போன் இருக்கிறதே என்பீர்கள். அந்தக் கல்சுவர்களுக்குள் சிக்னல் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. துணியை நம்பலாம்.

ஆக, உங்களுக்குக் கிடைக்காமல் போன கூட்டத்துக்கு நீங்களே நின்று தட்டிக்கொடுக்க வேண்டும். இதுதான் அந்த ஏற்பாட்டில் உள்ள வேடிக்கை.

ஆரோக்கியமேரிக்கு அந்த வேடிக்கை மூன்று வருடமாகக் கசந்துகொண்டிருந்தது.

அவள் லோத்குண்டாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். தாத்தா காலத்தில் அரக்கோணத்திலிருந்து செகந்திராபாத் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். வழிகாட்டி அட்டை வாங்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. கோட்டையில் தமிழ் பேசிக் காட்டும் ஆள் அவள் ஒருத்திதான் என்றிருந்த காலம் நெடுநாள் ஓடியது. ஈரோட்டிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் ஸ்ரீசைலம் போகிற வழியில் வந்து இறங்கும் பஸ் கூட்டங்கள், "இங்க மேரியம்மான்னு ஒருத்தங்க இருக்காங்களாமே" என்று விசாரித்துக்கொண்டு வரும். அப்போது அவளே வழிகாட்டிகள் சங்கத்தில் சண்டை போட்டு ஒரு விதி வாங்கினாள்: கூட்டம் பேர் சொல்லிக் கேட்டால், வரிசையில் எங்கே இருந்தாலும் அந்த ஆள் எழுந்து போகலாம்.

பிறகு சபீனா வந்தாள்.

மேலப்பாளையத்துப் பெண். புருஷனுக்கு கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் பரீட்சை எழுதி வழிகாட்டி அட்டை வாங்கிக்கொண்டு, ஆரஞ்சு நிறத் துப்பட்டாவும் ஸ்கூட்டியுமாக வந்து இறங்கினாள். சபீனா பேசினால் பாட்டு மாதிரி இருக்கும், பேசாமல் சிரித்தாலும் கதை சொல்கிற மாதிரி இருக்கும். வந்த கொஞ்ச நாளிலேயே போனில் குட்டி குட்டி வீடியோக்கள் போட ஆரம்பித்தாள். இப்போது தமிழ்நாட்டுக் கூட்டங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "சபீனா மேடம் எங்க?" என்றுதான் இறங்குகின்றன. பேர் சொல்லிக் கேட்டால் எழுந்து போகலாம். விதி இருக்கிறதே.

சபீனா பெஞ்சின் கடைசியிலிருந்து எழுந்து போவாள். முதலில் உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமேரி முதலிலேயே உட்கார்ந்திருப்பாள். முதலில் இருப்பவர்தானே தட்ட வேண்டும்? தட்டுவாள்.

"ஏக்கா, போயிட்டு வாரேன், தட்டிருவியல்லா?" என்று போகிற போக்கில் அவள் கேட்கும்போது, ஆரோக்கியமேரி "ஹவ் ஹவ், போ" என்பாள். ஹவ் என்றால் அந்த ஊர் உருதுவில் ஆமாம். அந்த ஹவ்வில் எத்தனை பல் கடிபட்டது என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு நடுவில்தான் ஹெட்போன் வந்தது.

ஒரு கம்பெனி, கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் தொல்லியல் துறைக்கு ஒரு திட்டம் கொடுத்திருந்தது. டிக்கெட்டோடு ஹெட்போன். எந்த இடத்தில் நின்றாலும் அந்த இடத்தின் கதை, கேட்ட பாஷையில் காதுக்குள் வந்துவிடும். உச்சி மண்டபத்தில் போய் நின்றால் கைதட்டல் சத்தம்கூட வருமாம், பதிவு செய்து வைத்திருக்கிறார்களாம். அப்புறம் வாசலில் பெஞ்சு எதற்கு, வழிகாட்டி எதற்கு, கீழே ஒரு ஆள் எதற்கு? வழிகாட்டிகளை மதிலுக்கு வெளியே, பஸ் நிற்கிற இடத்துக்கு மாற்றிவிடலாம் என்று திட்டத்தில் ஒரு வரி இருந்தது. மண்டபத்தைச் சங்கிலி போட்டு மூடுவதாக இன்னொரு வரி.

மதிலுக்கு வெளியே என்றால் தொழில் முடிந்தது என்று அர்த்தம்.

சங்கம் கோட்டை வாசலுக்கு எதிரே இருந்த இரானி சாயாக் கடையில் கூடியது. செயலாளர் நடேசன் வேன் ஓட்டிக்கொண்டிருந்து வழிகாட்டி ஆனவர். தெலுங்குக் கூட்டம், இந்திக் கூட்டம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. தமிழ் மட்டும் வீட்டில் பேசுகிற அளவுக்கு.

"துறைலேர்ந்து மூணு பேர் கமிட்டி வருது. கம்பெனிக்காரங்களும் வருவாங்க. நம்ம ஆள் ஒருத்தர் அவங்களை மேலே கூட்டிட்டுப் போய்க் காட்டணும். ஹெட்போன்லே இல்லாதது நம்மகிட்ட என்ன இருக்குன்னு கேப்பாங்க. என்ன சொல்றது?"

ஆரோக்கியமேரி சாயாவை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"ஹெட்போன் தட்டும் அண்ணா. ஆனா கேட்டா தட்டாது. நாலு தட்டுன்னா நாலு, ரெண்டு தட்டுன்னா ரெண்டு, அப்படித் தட்டுமா? கீழே ஒரு மனுஷன் நின்னாத்தான் மேலே இருக்கிறவன் கேட்டதுக்குப் பதில் வரும். இந்தக் கோட்டையைக் கட்டினவன் அதுக்குத்தான் கட்டினான். பதிலுக்கு."

நடேசன் மேசையைத் தட்டினார். "வாஹ்! இதைத்தான் சொல்லணும்!"

பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று துறை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தது ஆரோக்கியமேரி. பாதி மலையில் குடிதண்ணீர்க் குழாய் வந்ததும் அவள் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதால்தான். அதனால் கமிட்டியை அழைத்துப்போகப் போவது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. புடவைகூட மனதில் எடுத்து வைத்துவிட்டாள்.

"அப்ப சபீனா கூட்டிட்டுப் போகட்டும்," என்றார் நடேசன்.

கடையில் எல்லோரும் தலையாட்டினார்கள். சபீனாவே திடுக்கிட்டுத் திரும்பி ஆரோக்கியமேரியைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அக்கா போகட்டுமே. அவியதான சீனியர்."

"மேரி பேசினா அதிகாரிங்களுக்குச் சண்டை போடுற மாதிரி இருக்கும்மா. பழைய அதிகாரிங்க எல்லாம் இவளைப் பார்த்தாலே பைலைத் தூக்கிட்டு ஓடுவாங்க." நடேசன் சிரித்தார். கடையும் சிரித்தது. "நீ இங்கிலீஷ், தெலுங்கு எல்லாம் பேசுறே. உன் வீடியோவைக் கமிட்டிலே ஒருத்தர் பார்த்திருக்காராம். மேரி கீழே நிக்கட்டும். நம்மள்லே மேரி மாதிரி யாரு தட்டுறா? மேரி, நாராஸா?"

"நக்கோ அண்ணா, எனக்கென்ன வருத்தம்," என்றாள் ஆரோக்கியமேரி. "கைக்கு நாராஸ், எதுக்குக் கோபம்? தட்டுறதுதானே, தட்டிட்டாப் போச்சு."

சாயா ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது. அதைக் குடிக்காமல் எழுந்தாள்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தாள். என் வாயில் வந்த பேச்சு. அவள் வாயில் போய் உட்காரப் போகிறது. 'பதிலுக்கு' என்று சொல்லும்போது அந்தப் பெண் ஒரு கையை இப்படி உயர்த்துவாள், துப்பட்டா காற்றில் பறக்கும், அதிகாரிகள் வாயைப் பிளப்பார்கள். கூட்டத்தைப் பறித்தாள், பேரைப் பறித்தாள், இப்போது பேச்சையும். இதில் மோசம் என்னவென்றால் சபீனா எதையும் கேட்டு வாங்கவில்லை. எல்லாம் தானாக அவள் மடியில் போய் விழுகிறது. கேட்டு வாங்கினால் திட்டலாம். தானாக விழுவதை எப்படித் திட்டுவது?

கமிட்டி வந்த அன்று காலையில், அவர்கள் பார்த்துவிட்டு வரும்வரை பொதுமக்களுக்கு டிக்கெட் கொடுப்பதை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆரோக்கியமேரி கோட்டையை அப்படி வெறிச்சென்று பார்த்ததே இல்லை. எப்போதும் மண்டபத்துக்குள் ஐம்பது பேர் நின்று கண்டபடி தட்டிக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் கத்திப் பார்க்கும், விசில் பறக்கும். இன்று கூரை மடிப்புகளில் ஒதுங்கியிருந்த புறாக்கள் அசைந்தால் அது கேட்டது. தன் செருப்புச் சத்தம் தனக்கே பெரிதாகக் கேட்டது.

மூன்று பேர் கமிட்டியில் ஒருவர் சௌந்தரராஜன் என்ற பெரியவர். ஏ.எஸ்.ராவ் நகரில் இருப்பவர், எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனியிலிருந்து தேஜஸ்வினி என்ற பெண், எல்லோர் காதிலும் ஹெட்போனை மாட்டிவிட்டாள். சபீனா முன்னால் நடந்தாள். நடேசன் பின்னால். படியில் கால் வைக்கும்முன் சபீனா திரும்பிப் பார்த்தாள்.

"ஏக்கா, தட்டிருவியல்லா?"

"ஹவ். போ."

அவர்கள் ஏறி மறைந்தார்கள். ஆரோக்கியமேரி மண்டபத்து வாசலில் நின்று காத்திருந்தாள். வெயில் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கைகளைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டாள். தட்டுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. உள்ளங்கையை விறைப்பாக வைத்துத் தட்டினால் 'பட்' என்று தட்டையாக எழும்பி அங்கேயே செத்துவிடும். கையைச் சற்றுக் குழித்து, காற்றை உள்ளே அடைத்துத் தட்ட வேண்டும். ஆரோக்கியமேரி முதலில் ஒன்று தட்டுவாள், ஒரு மூச்சு விடுவாள், பிறகு இரண்டைச் சேர்த்துத் தட்டுவாள். அவள் அப்பா ஒர்க்‌ஷாப்பில் ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அப்படித்தான்: ஒன்று தட்டிக் காது கொடுப்பார், அப்புறம் இரண்டு. அது அவள் கைக்கும் வந்துவிட்டது.

உச்சியில் ஆரஞ்சு நிறம் அசைந்தது.

இவ்வளவு தூரத்தில் ஒரு பூ இதழ் அளவுதான். ஆனாலும் எத்தனை ஒய்யாரமாக வீசுகிறாள். ஆரோக்கியமேரி உள்ளே போனாள். நட்டநடுவில், காலங்காலமாகக் கால்பட்டு வழவழப்பாகிப் போன கல்லின்மேல் நின்றாள். கையைத் தூக்கினாள்.

தட்டவில்லை.

'கொஞ்ச நேரம்,' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'சும்மா கொஞ்ச நேரம். வீசட்டும். வீசி வீசிக் கை ஓயட்டும். கேட்டால் பதில் வரும் என்று என் பேச்சை எடுத்துப் பேசியிருப்பாள் அல்லவா, கேட்டுப் பார்க்கட்டும். பதில் சொல்கிற இடத்தில் எவள் நிற்கிறாள் என்று தெரியட்டும்.'

அது எவ்வளவு பெரிய தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சத்தம் வராவிட்டால் ஹெட்போன் ஜெயிக்கும். ஹெட்போன் ஜெயித்தால் பெஞ்சு போகும், பெஞ்சில் முதலில் உட்கார்ந்திருப்பவள் இவள். எல்லாம் தெரிந்துதான் நின்றாள். பொறாமை வந்தவர்களுக்குக் கணக்கு மறந்துவிடுவதில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்து, நஷ்டம் என்று தெரிந்து, ஆகட்டும் என்று இருந்துவிடுகிறார்கள்.

வெளியே எட்டிப் பார்த்தாள். ஆரஞ்சு மறுபடி வீசியது. இந்தத் தடவை ஒய்யாரம் இல்லை, வேகம்தான். நெஞ்சுக்குள் ஏதோ இனிப்பாகக் கசிந்தது.

தோள்பையில் போன் நடுங்கியது. 'நடேசண்ணா' என்று எழுத்து தெரிந்தது. வராத சிக்னல் இன்றைக்கென்று வந்திருக்கிறது. பையின் ஜிப்பை மூடினாள். மூடிய பைக்குள் அது கொஞ்ச நேரம் துடித்துவிட்டு அடங்கியது. மண்டபத்துக்குள் திரும்பிப்போய் நின்றாள். இப்போது தட்டலாம். இன்னும் கொஞ்ச நேரம் கழித்தும் தட்டலாம். இரண்டும் அவள் கையில் இருந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒன்று அவள் கையில் இருந்ததில்லை.

அப்போது கூரையிலிருந்து சத்தம் வந்தது.

மிக மெல்லிய சத்தம். யாரோ பக்கத்து அறையில் விரலைச் சொடுக்கியதுபோல. ஒன்று. ஒரு மூச்சு. பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு.

ஆரோக்கியமேரிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. புறாவா? சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடி வந்தது. ஒன்று. மூச்சு. இரண்டு. மேலே இருந்து, அவள் தலைக்கு நேரே, அவளுடைய கைதட்டல் அவளையே கூப்பிட்டது.

கீழே தட்டினால் மேலே கேட்கும் என்று பதினைந்து வருடமாக ஆயிரம் பேருக்குச் சொன்னவள். மேலே தட்டினால் கீழே கேட்குமா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்திருந்தாலும் தெரிந்திருக்காது. கீழேதான் எப்போதும் சந்தைக் கூச்சலாயிற்றே. அந்தக் கூச்சல் இல்லாத முதல் நாள் இது.

அவள் யோசித்து முடிப்பதற்குள் கை முந்திக்கொண்டது. ஒன்று. மூச்சு. இரண்டு. மண்டபம் அதிர, புறாக்கள் படபடவென்று வெளியேறின.

வெளியே ஓடி வந்து பார்த்தாள். ஆரஞ்சு வீசியது. ஒருமுறை, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நின்றுவிட்டது. உள்ளே ஓடினாள். ஐந்து தட்டினாள். திரும்ப ஓடிவந்தாள். இரண்டு. உள்ளே ஓடி இரண்டு. மேலே சின்னச் சின்ன உருவங்கள் கைப்பிடிச் சுவரை ஒட்டி வந்து குனிந்து பார்த்தன. ஒருவர் தன் ஹெட்போனைக் கழற்றித் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார். அது ஒன்று என்பதா என்று புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று தட்டி வைத்தாள்.

இறங்கி வந்த கூட்டத்தில் முதலில் பேசியது சௌந்தரராஜன்தான். மூச்சு வாங்க, முகமெல்லாம் சந்தோஷமாக, நேராக மண்டபத்துக்குள் வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, மேலேருந்து தட்டினது உங்களுக்கு இங்கே கேட்டுதா?"

"கேட்டுச்சு சார்."

"கேட்கத்தான் செய்யும்! சத்தத்துக்குப் போகிற வழி, வருகிற வழின்னு ரெண்டு கிடையாது. இங்கேருந்து அங்கே ஒரு பாதை இருந்தா, அங்கேருந்து இங்கேயும் அதே பாதைதான். எனக்கு இது தெரியும். ஆனா இந்த இடத்துலே யாராவது செஞ்சு பார்த்திருப்பாங்கன்னு நினைக்கலை." அவர் சபீனா பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தோணித்து?"

"தோணலை சார், பயத்துல தட்டுனேன்," என்றாள் சபீனா. சிரித்தாள். ஆரோக்கியமேரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

தேஜஸ்வினி ஹெட்போன்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மேலே என்ன நடந்தது என்று பிறகு நடேசன் பெஞ்சில் உட்கார்ந்து கதையாகச் சொன்னார்.

"இவ கரெக்டா சொன்னா மேரி, நீ சொன்ன மாதிரியே. 'கேட்டா பதில் வரும்'னு. துணியை வீசினா. பதில் இல்லே! எனக்கு உசுரு போச்சு. அதுக்குள்ளே அந்தப் பொண்ணு பட்டனை அமுக்கினா பாரு, எல்லார் காதுலேயும் டப் டப்புன்னு ரெக்கார்டு சத்தம். 'எங்க சிஸ்டம் லேட் ஆகாது சார்'ங்கிறா. எனக்கு அங்கேயே குதிச்சிடலாம்னு இருந்துச்சு. உனக்குப் போன் போட்டேன், எடுக்கலே. கைக்கு எடுக்கலே, ஏன்?"

"சிக்னல் இல்லண்ணா."

"அதானே. அப்புறம் இவ திடீர்னு ஹெட்போனைக் கழட்டிட்டுத் தட்டினா. ரெண்டாவது வாட்டி தட்டினப்போ கீழேர்ந்து வந்துச்சு பாரு உன்னுது! அந்த இன்ஜினியர் சார் சின்னப்பிள்ளை மாதிரி, 'அஞ்சு கேளு, ரெண்டு கேளு'ங்கிறார். லேட்டா வந்ததாலேதான் நிஜம்னு நம்பினேன்னு சொல்றார்! உன் அதிர்ஷ்டம் மேரி, தண்ணி குடிக்கப் போனது நல்லதாப் போச்சு."

"தண்ணி குடிக்கவா?"

"சபீனாதான் சொன்னாளே. 'அக்கா தண்ணி குடிக்கப் போயிருப்பாவ, இப்ப வந்துருவாவ'ன்னு."

அன்று சாயங்காலம் சபீனா ஸ்கூட்டியை எடுக்கும்போது ஆரோக்கியமேரி பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் தண்ணி குடிக்கப் போகலை," என்றாள் ஆரோக்கியமேரி.

"தெரியும்க்கா. மண்டபத்து வாசல்ல உங்க சேலை தெரிஞ்சுது. ரெண்டு தடவை எட்டிப் பாத்திய."

"அப்புறம் கைக்கு என் தாளத்தைத் தட்டினே? உன் தாளத்தைத் தட்ட வேண்டியதுதானே."

"மேலே நின்னு நான் கேட்டதெல்லாம் அது ஒண்ணுதானக்கா. மூணு வருசமா நான் போறப்பல்லாம் கீழே நீங்கதான நிக்கிய." சபீனா ஹெல்மெட்டை மாட்டினாள். "அதத் தட்டுனா நீங்க ஓடி வருவியன்னு நெனச்சேன். இல்லேன்னா உங்களுக்கு வெக்கமாவது வரும்னு நெனச்சேன். ரெண்டுல ஒண்ணு."

ஸ்கூட்டி கிளம்பிப் போய்விட்டது. ஆரோக்கியமேரிக்கு வெட்கம் வந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே, அவள் மன்னித்த விதம்கூட எத்தனை அழகாக இருக்கிறது என்ற எரிச்சலும் வந்தது.

அந்த மாதக் கடைசியில் துறை முடிவு சொன்னது. ஹெட்போன் வேண்டுகிறவர்களுக்கு ஹெட்போன். வழிகாட்டிகளின் பெஞ்சு இருக்கிற இடத்திலேயே இருக்கும். மண்டபத்தின் நடுவில் பொதுமக்கள் நின்று தட்டக் கூடாது; அது வழிகாட்டிகளின் கைதட்டலுக்கு. சாயாக் கடையில் சபீனாவுக்குச் சால்வை போட்டார்கள். அவள் போட்ட வீடியோவை நாடெல்லாம் பார்த்தது. அடுத்த வாரம் தமிழ்நாட்டு பஸ்கள் எல்லாமே அவள் பேரைச் சொல்லிக்கொண்டு வந்து இறங்கின. ஆரோக்கியமேரி முதலில் உட்கார்ந்திருந்தாள். தட்டினாள். தட்டினாள். தட்டினாள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள்.

"பேர் சொல்லிக் கேட்டா வரிசையைத் தாண்டிப் போகலாம்கிற விதியை எடுத்துடணும்."

நடேசனுக்குச் சாயா புரை ஏறியது. "மேரி, அது நீ சண்டை போட்டு வாங்கின விதி!"

"ஹவ், நான்தான் வாங்கினேன். நான்தான் திருப்பியும் கேக்கிறேன். கூட்டம் யார் பேரைச் சொன்னாலும் வரிசைப்படிதான் போகணும். தமிழ்க் கூட்டம் வந்தா, தமிழ் தெரிஞ்சவங்கள்லே யார் முன்னாடி இருக்காங்களோ அவங்க."

பின்பக்கம் யாரோ முணுமுணுத்தார்கள். "பொறாமை."

"ஆமா, பொறாமைதான்," என்றாள் ஆரோக்கியமேரி, குரலை உயர்த்தாமல். "இருந்தா என்ன? கேக்கிறது நியாயமா இல்லையா, அதைச் சொல்லுங்க. நாளைக்கு இந்திக்கு ஒரு பொண்ணு வீடியோ போட்டுட்டு வருவா. அப்ப நீங்க எல்லாரும் கீழே நின்னு தட்டுவீங்க. கமிட்டிகிட்ட நம்ம எல்லாருக்கும் சேர்த்துத்தானே இடம் கேட்டோம்?"

எல்லோரும் சபீனாவைப் பார்த்தார்கள். அவளுக்குத்தான் நஷ்டம். அவள் சால்வையை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

"இத முந்தியே கேட்டிருக்கலாம்லாக்கா," என்றாள் கடைசியில். "எனக்கும் முழங்கால் வலிக்கி. தெனம் நாலு தடவ ஏறி எறங்குதேன்." பிறகு நடேசனைப் பார்த்து, "எழுதிக்கிடுங்க அண்ணாச்சி."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கரூரிலிருந்து ஒரு பஸ் வந்தது. "சபீனா மேடம்?" என்று இறங்கியவர்களிடம் சபீனாவே எழுந்து சொன்னாள். "நான்தான். ஆனா இன்னைக்கி அக்கா முறை. நல்லா சொல்லுவாவ, கூடப் போங்க. நான் கீழே நின்னு தட்டுதேன்." கூட்டத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆரோக்கியமேரி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் முன்னால் நடந்தாள்.

உச்சி மண்டபத்தில் கைப்பிடிச் சுவரோரம் நின்று தன் நீலத் துணியை வீசினாள். கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி வீசினாள். கீழே சனக்கூட்டத்துக்கு நடுவே, மண்டபத்து வாசலில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தது. அது அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. பார்த்துவிட்டது, சந்தேகமில்லை. நிற்கிறது.

"என்ன மேடம், கீழ இருக்கிற ஆள் தூங்கிட்டாரா?" என்றார் ஒருவர். நாலு பேர் சிரித்தார்கள்.

ஆரோக்கியமேரி சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். இங்கிருந்து தட்டலாம் என்றால், கீழே இருக்கிற இரைச்சலில் கேட்காது. கேட்டாலும் எதைத் தட்டுவது? சபீனாவின் தாளம் எது என்றே அவளுக்குத் தெரியாது. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அதை மேலே நின்று கேட்டதில்லை. இப்படித்தான் அன்று அவளுக்கும் இருந்திருக்கும், அதிகாரிகள் நடுவில், துணியைப் பிடித்துக்கொண்டு.

ஆரஞ்சுப் புள்ளி சாவகாசமாக உள்ளே போனது.

வந்தது. மூன்று தட்டல், படியிறங்கும் கால்கள்போல் ஒன்றன்பின் ஒன்றாக, பிசிறே இல்லாமல், காதுக்குப் பக்கத்தில் யாரோ தட்டியதுபோல். கரூர்க் கூட்டம் "அடேங்கப்பா!" என்று ஆர்ப்பரித்தது.

ஆரோக்கியமேரி மூச்சை விட்டாள். பாவி, என்னமாய்த் தட்டுகிறாள். தன்னுடையதைவிடத் துல்லியமாகவா? நின்று யோசித்துப் பார்த்தாள். ஒருவேளை, ஆமாம். வயிற்றில் பழைய இடத்தில் பழையபடி எரிந்தது.

"சூப்பர் மேடம், போதும், வாங்க போகலாம்," என்றார் கரூர்க்காரர்.

"இருங்க சார்," என்றாள் அவள். "கேட்டா பதில் வரும். எத்தனை வேணும்னு சொல்லுங்க."

"பத்து!" என்று ஒரு குழந்தை கத்தியது.

ஆரோக்கியமேரி நீலத் துணியை உயர்த்தி, ஒவ்வொன்றாக, நிதானமாக, பத்துமுறை வீசினாள். அவளுக்கும் கொஞ்சம் கை வலிக்கட்டும்.